ஏறிக்கொள்ளச் சொன்னவர்கள் நாற்பத்து மூன்று பேர்

1

இந்த நாட்டுக்கு வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் நிறைந்த வாரத்தில் எனக்கு ஒரு பனியன் கொடுத்தார்கள். வேறு யாரும் எதுவும் கொடுக்காததால் அதையே ஆண்டு நிறைவு மரியாதையாக ஏற்றுக்கொண்டேன். கண் கூசும் ஆரஞ்சு நிறம். கூடவே நெஞ்சில் குத்திக்கொள்ள 4417 என்று ஓர் எண் அட்டை, நான்கு ஊக்குகள். எண்ணுக்குக் கீழே ‘சர்வதேசப் பிரிவு’ என்று மலாயில் அச்சடித்திருந்தது.

அறந்தாங்கியில் உட்கார்ந்து இதைப் படிக்கும் நீங்கள் தாராளமாகப் பெருமைப்படலாம். அறுபத்தொன்பது வயதில், சர்க்கரையோடும் இடது முழங்காலோடும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வீரர்கள் ஓடும் பிரிவில் உங்கள் ஊர்க்காரன் ஓடப்போகிறான். இதற்குக் காரணம் என் வேகம் அல்ல, என் அடையாள அட்டையின் நிறம். இங்கே குடிமகனுக்கு நீல அட்டை. குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டவனுக்குச் சிவப்பு அட்டை. நான் சிவப்பு. நீலத்துக்கு மூன்று முறை விண்ணப்பித்துவிட்டேன். மூன்றாவதற்குப் பதில் வரும் என்று ஒன்பது ஆண்டுகளாகத் தபால்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் குடிமக்களுக்கு வயதுவாரியாக ஐந்து பிரிவுகள். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கென்றே ஒன்று உண்டு. குடிமகன் அல்லாதவனுக்கு ஒரே பிரிவுதான். வெளிநாட்டுக்காரனுக்கு வயது ஏறாது என்று நினைத்திருக்கிறார்கள் போலும். தொலைபேசியில் கேட்டேன். “சிஸ்டம் அப்படித்தான், பக்சிக்” என்றது ஒரு பெண்குரல். பக்சிக் என்றால் மாமா. எந்த நாட்டிலும் ‘சிஸ்டம்’ என்ற சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் பேசக்கூடாது என்பது என் அனுபவம். வைத்துவிட்டேன்.

2

ஓடவேண்டிய தூரம் இருபத்தொரு கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்கு என்ன தலையெழுத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மகள் கவிதா கோலாலம்பூரில் பதினேழாவது மாடியில் கணவனோடும் பன்னிரண்டு வயது மகளோடும் இருக்கிறாள். நான் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில், தரைவீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி சரோஜா போய் மூன்று வருடமாகிறது. அதுவரை என்னைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு இரண்டு சம்பவங்கள் நடந்தன.

முதலாவது, அடுப்பில் கெண்டியை வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கெண்டிக்கு அடிப்பாகம் இல்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பின்கதவு வழியாக வந்து எரிவாயுவை மூடிவிட்டு, கவிதாவுக்கும் செய்தி சொல்லியிருந்தார். இரண்டாவது, சந்தையிலிருந்து மோட்டாரில் வீடு வந்து சேர்ந்தேன். மோட்டார் என்றால் இங்கே மோட்டார் சைக்கிள். வந்த முதல் வருடம் ‘மோட்டார் வாங்கிவிட்டேன்’ என்று அறந்தாங்கிக்கு எழுதினேன். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அண்ணன் பதில் போட்டார். அது கிடக்கட்டும். நான் ஓட்டிவந்தது என்னுடையது அல்ல. அதே நிறம், அதே வயது. என் சாவியைப் போட்டதும் திரும்பியது. சாவி பொருந்தியது என் குற்றமா? உரிமையாளர் நல்ல மனிதர். வந்தார், ஒரு தேநீர் குடித்தார், ஓட்டிக்கொண்டு போனார்.

“நாற்பத்தாறு வருடத்தில் இரண்டு தவறு” என்று கவிதாவிடம் சொன்னேன்.

“ரெண்டு மாசத்துல ரெண்டு தப்புப்பா” என்றாள்.

கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் எதை எதனால் வகுப்பது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. அன்றே என் மோட்டார் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டை விற்றுவிட்டு அவளோடு வந்துவிட வேண்டும் என்றாள். பதினேழாவது மாடியில் எனக்கு அறை தயார், ஜன்னலுக்குக் கம்பியும் போட்டாயிற்று என்றாள். அந்தக் கம்பியைப் பற்றி நான் மேலும் கேட்கவில்லை. மூளையில் ஒன்றும் கோளாறு இல்லை, வேண்டுமானால் சோதித்துப் பார் என்று கத்தினேன். அதுதான் நான் செய்த மூன்றாவது தவறு. அவள் நான்கு முறை இருபத்தொரு கிலோமீட்டர் ஓடியவள்.

“ஓடுறதுக்குக் கால் மட்டும் இருந்தா பத்தாதுப்பா. பதினாறு வாரம் ஒரு அட்டவணைய மறக்காம செய்யணும். மறக்காம தூங்கணும், மறக்காம மருந்து சாப்பிடணும். செஞ்சு காட்டுங்க. மூன்றரை மணிக்குள்ள முடிச்சிட்டீங்கன்னா நான் வீட்டப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்.”

“முடிக்கலைன்னா?”

“சீனப் பெருநாளுக்கு முன்ன நீங்க எங்க வீட்ல இருப்பீங்க.”

மருத்துவரிடமும் அழைத்துப் போனாள். அவர் என் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, மெதுவாக ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டார். மெதுவாக மட்டுமே ஓட முடியும் என்பதை அவரிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

3

அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள். நூற்றுப் பன்னிரண்டையும் அன்றன்றே நீல மையால் அடித்தேன்.

முதல் நாள் மூன்று கிலோமீட்டர், முப்பத்தாறு நிமிடம். வீட்டு வாசலிலிருந்து மாரியம்மன் கோவில் வரை இருபத்தாறு விளக்குக் கம்பங்கள், ஒன்பது நாய்கள். ஒன்பதில் நான்கு என்னைப் பிடிக்காதவை. எட்டாவது வாரத்தில் அது இரண்டாகக் குறைந்தது. நாய்கள் மனம் மாறவில்லை, எனக்குத்தான் வேகம் கொஞ்சம் கூடியிருந்தது. எண்ணுவது எனக்குப் பழக்கம். முப்பத்தோரு வருடம் மெர்போக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் தோட்டத்து அலுவலகக் கணக்கர். காலையில் ஆட்களை எண்ணுவேன், மதியம் பாலை எண்ணுவேன், மாலையில் கத்திகளை எண்ணுவேன். இப்போது எண்ணுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கும் மனம் எங்கும் போய்விடவில்லை என்று ஒரு நம்பிக்கை.

இதற்கு முன் நான் ஓடியது அறந்தாங்கியில்தான். கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் காலை ஏழு பத்து பேருந்தைத் துரத்தினேன். நடத்துநர் படிக்கட்டில் நின்றபடி என் முகத்தை நேராகப் பார்ப்பார், விசிலை ஊதுவார். பேருந்து கிளம்பிவிடும். எங்கள் தெருவில் நடந்து போகிறவனுக்காக யாரும் சைக்கிளைக்கூட நிறுத்தியதில்லை. அந்த ஊரில் இந்தப் பயிற்சியை எடுத்திருந்தால் பதினாறு வாரமும் எந்தத் தொந்தரவும் இன்றி ஓடியிருப்பேன்.

இங்கே அப்படி விடமாட்டார்கள்.

4

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வைத்திருப்பவன் நடந்து போகிறவனைத் தாண்டிப் போகக் கூடாது. நிறுத்தி, “ஏறு” என்று சொல்ல வேண்டும். ஏறச்சொன்னால் மறுக்கவும் கூடாது. மறுத்தால் ஏதோ மனக்கசப்பு என்று பொருள். அந்தக் காலத்தில் தோட்டத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் நான் ஒருவன். பள்ளிக்கூடத்துக்கு, மருந்தகத்துக்கு, கூட்டுறவுக் கடைக்கு என்று எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். அதை மட்டும் எண்ணி வைக்கவில்லை.

தோட்டம் போய்விட்டது. பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடுகள். ஆட்கள் எல்லாரும் இந்த நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கும் வந்துவிட்டார்கள். இன்று ஆளுக்கு ஒரு மோட்டார், சிலருக்குக் காடியும் உண்டு. காடி என்றால் கார். வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். கிராணி ஐயா வேர்க்க விறுவிறுக்கச் சாலையோரம் போய்க்கொண்டிருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

பதினாறு வாரத்தில் நாற்பத்து மூன்று பேர் நிறுத்தினார்கள். முப்பத்தோரு பேரிடம் மறுத்தேன். பன்னிரண்டு பேரிடம் முடியவில்லை, ஏறிவிட்டேன். ஏறிய தூரத்தை மறுநாள் கூட்டி ஓடினேன்.

மறுத்ததன் விளைவுகளைக் கேளுங்கள். மகளோடு சண்டை போட்டுக்கொண்டு கிராணி வீட்டை விட்டு வெளியேறிவிட்டார் என்று ஒரு செய்தி பாலிங் என்ற ஊர் வரைக்கும் போய், அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் சமாதானம் பேசினார். கோவில் நிர்வாகத்தில் ஒருவர், எந்த வேண்டுதலுக்கு நடக்கிறீர்கள், இந்த வருடம் காவடியா பால்குடமா என்று என் பெயரை எழுதப் பேனாவோடு வந்தார். ஓர் அம்மா காடியை நிறுத்தி, ஒன்றும் பேசாமல், இலையில் கட்டிய நாசி லெமாக்கைக் கையில் வைத்துவிட்டுக் கண்கலங்கிப் போனார். எட்டாவது கிலோமீட்டரில் தேங்காய்ப்பால் சோறு சாப்பிடலாமா என்பதை அட்டவணை சொல்லவில்லை. சாப்பிட்டேன்.

எல்லாரிலும் விடாப்பிடியானவர் மாரிமுத்து. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனாலும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார், பேச்சின் வாலில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு ‘லா’வையும் ஒட்டுவார். அவர் மனைவியின் முதல் பிரசவத்துக்கு மழையில் என் மோட்டாரில்தான் போனார்கள். நான் அதை மறந்துவிட்டேன். அவர் மறப்பதாக இல்லை. கிராணிக் கணக்கில் ஒரே ஆள் மறுநாள் வந்தாலும் புதிய பேர்தான்; நாற்பத்து மூன்றில் பதினான்கு அவர் ஒருவரே.

“ஏறுங்க ஐயா.”

“வேண்டாம் மாரிமுத்து. ஓட்டப் பயிற்சி.”

“என்னாத்துக்கு?”

“உடம்புக்கு.”

“உடம்புக்குன்னா வூட்ல படுத்துல்ல இருக்கணும்? பொண்ணு சாவிய புடுங்கிக்கிச்சின்னு சொன்னாங்க. அதான் கோவமா? நான் கொண்டுபோயி வுடறேன் லா. தெனமும் வேணாலும் வரேன்.”

“கோபமெல்லாம் இல்லை. போங்க.”

“அப்ப நானும் கூடவே வரேன்” என்று ஒரு கிலோமீட்டர் என் பக்கத்திலேயே மோட்டாரை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தார். என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவருடைய மோட்டார் இரண்டு முறை அணைந்தது. அதற்கு மேல் மெதுவாக ஓட அதற்குத் தெரியவில்லை.

5

பேத்தி திவ்யாவைப் பற்றி ஒரு வார்த்தை. என் கைக்கடிகாரத்தில் ஓடிய தூரம் அவளுடைய கைத்தொலைபேசிக்குப் போய்விடும்படி கவிதா ஏதோ செய்து வைத்திருந்தாள். அதற்கு முன் மாதத்துக்கு ஒருமுறை, அம்மா முழங்கையால் இடித்த பிறகு, “ஹாய் தாத்தா, பை தாத்தா” என்று பேசுவாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் செய்தி வந்தது.

“தாத்தா, ஒய் ஸ்டாப் பன்னிரண்டு நிமிஷம்?”

“நாசி லெமாக்.”

“தாத்தா! நோ லா!”

பன்னிரண்டு வருடங்களில் நாங்கள் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இந்தப் பதினாறு வாரம் அளவுக்கு வராது. இதற்கு நான் ஓடித் தேய்த்தது ஒரு ஜோடி சப்பாத்துக் காலணி.

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. கவிதாவும் திவ்யாவும் முதல்நாளே வந்து, முடியும் இடத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆப்பிரிக்க வீரர்கள் நால்வர் முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய பிரிவுக்காரன் என்ற உரிமையில் நானும் அருகே போய் நின்றேன். ஒரு தன்னார்வலர் பணிவாக, “பக்சிக், பின்னாலே” என்றார். சர்வதேச வீரனாக நான் இருந்தது நாற்பது விநாடி.

பத்தாவது கிலோமீட்டர் ஒரு மணி முப்பத்து நான்கு நிமிடம். பதினாறாவது இரண்டு மணி முப்பத்தொன்று. கணக்கு என் பக்கம் இருந்தது. மெர்போக் போகும் பெரிய சாலையில் ஓரப்பாதையை ஆரஞ்சுக் கூம்புகள் வைத்துப் பிரித்திருந்தார்கள். எனக்கு முன்னே யாரும் தெரியவில்லை. பின்னே வந்தவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் அப்படி யாரும் இல்லை. வெயில் ஏறியிருந்தது. நூறு நூறாகக் காலடிகளை எண்ணிக்கொண்டு போனேன்.

அடுத்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முகத்தில் காற்று அடித்தது. நன்றாக இருந்தது. முன்னால் ஒரு சட்டை முதுகு, அதற்கு முன்னால் கம்பிக் கூடையில் இரண்டு மீன்கள் வால் துருத்திக்கொண்டு இருந்தன. மாரிமுத்து ஏதோ பேசிக்கொண்டு வந்தார். கெம்போங் மீன் இப்போது முன்போல் இல்லை என்று. நானும் “ஆமாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூம்புகள் வேகமாகப் பின்னே போயின. கூம்புகள் ஏன் இவ்வளவு வேகமாகப் போகின்றன என்று நினைத்தேன். அப்போதுதான் தெரிந்தது.

“நிறுத்துங்க! மாரிமுத்து, நிறுத்துங்க!”

நிறுத்தினார். “என்னங்கய்யா? வூடு இன்னும் வரலியே.”

“நான் எப்ப ஏறினேன்?”

“இப்பதான். ஏறுங்கன்னேன், ஏறினீங்க.”

“ஏறின இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விடுங்க.”

“ஏன், ஏதாச்சும் வுட்டுட்டு வந்துட்டீங்களா?”

“ஆமாம். அரைக் கிலோமீட்டரை விட்டுட்டு வந்துட்டேன். இது பந்தயம்.”

அவர் சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். “பந்தயமா? மத்தவங்கள்லாம் எங்க?”

விளக்கம் சொல்ல ஒரு நிமிடம் போனது. சாலை நடுவில் தடுப்பு இருந்ததால் வெகுதூரம் முன்னே போய்த் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது, அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஏறிய இடம் வரைக்கும் விளக்குக் கம்பங்களை எண்ணினேன். பதினொன்று. மாரிமுத்து தடுப்பைத் தாண்ட எனக்குக் கை கொடுத்தார். மொத்தம் ஏழு நிமிடம்.

“ஐயா, யாரும் பார்க்கல லா. நான் ஒருத்தன்தான். அப்படியே வந்துருக்கலாம்” என்றார் அவர்.

யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கும் தெரியும். அந்தப் பதினொரு கம்பத்தையும் ஓடினேன். பிறகு மிச்சத்தையும் ஓடினேன். அதில் எத்தனை காலடி என்று கேட்காதீர்கள், எண்ணவில்லை. மூன்று மணி இருபத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். பந்தலின் பாதியைக் கழற்றியிருந்தார்கள். திவ்யா கத்தியது மட்டும் கேட்டது.

7

மதியம் சாப்பிடும்போது கவிதா தன் கைத்தொலைபேசியில் ஓட்டக்குழு போட்டிருந்த என் நேரங்களைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகப் பார்த்தாள்.

“பதினேழாவதுல என்னப்பா இவ்வளவு நேரம்?”

“மாரிமுத்துவோடு பேசிக்கொண்டிருந்தேன்.”

அது பொய் அல்ல. அவள் சிரித்தாள். “ஓட்டத்துல நின்னு கத பேசுன ஒரே ஆளு நீங்கதான். சரி, ஜெயிச்சிட்டீங்க. வீடு உங்களோடது.” கைப்பையைத் திறந்து மோட்டார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு இருவரும் கோலாலம்பூருக்குக் கிளம்பினார்கள்.

சாவி அங்கேயே கிடந்தது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ஓட்ட விதிகள் ஒரு தாளில் இருந்தன, எடுத்துப் படித்தேன். எந்த வாகனத்தில் ஏறினாலும் தகுதி போய்விடும். இறங்கித் திரும்பி வந்தவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது என்னை உறுத்தவில்லை. ஏறுங்கள் என்று மாரிமுத்து சொன்னது எனக்குக் கேட்டதா? காலைத் தூக்கிப் போட்டேனா? எத்தனை முறை யோசித்தாலும் கூம்புகளும் காற்றும்தான் வருகின்றன. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு முறை ஏறிய பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். கெண்டிக்கும் ஒரு பழக்கத்தைக் கண்டுபிடிக்கலாம். சாவிக்கும் கண்டுபிடிக்கலாம்.

அவர்கள் வீடு சேர்ந்ததும் கூப்பிட்டேன்.

“கவி, நான் மாரிமுத்து மோட்டார்ல ஏறிட்டேன். பதினொரு கம்பம். அப்புறம் திரும்பிப் போய் அதை ஓடினேன்.”

“தெரிஞ்சு ஏறுனீங்களா, தெரியாம ஏறுனீங்களா?”

“தெரியாம.”

அவள் அவசரமாகச் சொன்னாள்: “பதினொண்ணுன்னு கணக்கா சொல்றீங்களே அப்பா. எண்ணிக்கிட்டேதான போயிருக்கீங்க? அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிதான் இருக்கு. சும்மா களைப்பு லா.”

நல்ல வழி. அவளே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நுழைந்தால் போதும்.

“போகும்போது எண்ணலை கவி. திரும்பி வரும்போதுதான் எண்ணினேன்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்தப் பக்கம் திவ்யா, “ஒய் அம்மா?” என்றாள்.

“சனிக்கிழம வரேன்” என்றாள் கவிதா.

“பெட்டியை எடுத்து வைக்கட்டுமா?”

“வேணாம். சப்பாத்தக் கழுவிக் காய வைங்க. காலையில நானும் உங்ககூட அஞ்சு கிலோமீட்டர் ஓடுறேன். பத்து மணிக்கு டாக்டர். நீங்க பேச வேணாம், நான் பேசிக்கிறேன்.”

“அதுக்கப்புறம்?”

“அப்பா, முதல்ல டாக்டர் லா.”

இது செவ்வாய்க்கிழமை. சப்பாத்தைக் கழுவிப் பின்வாசலில் வைத்திருக்கிறேன். இந்த ஊர் மழைக்கு அது காய மூன்று நாள் ஆகும், சனிக்கிழமைக்குள் காய்ந்துவிடும்.